மும்தாஜ் அக்காவின் இடது காது

செவ்வாய்க்கிழமை, இரவு.

பாடகர் வருமுன் மைக்கைச் சரிசெய்யப் போன ஸ்டுடியோ முதலாளி மும்தாஜ் அக்கா, பாடும் அறைக்குள்ளேயே நின்று போனில் பேசினாள். கதவை மூடினால் அந்த அறையிலிருந்து சத்தம் வெளியே வராது. ஆனால் மைக் ஆனில் இருந்தது. வெளியே ஹெட்போன் மாட்டியிருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"இடது காது சுத்தமா அடைச்சுப்போச்சு டாக்டர். வலதும் போயிருமா? இந்த ஊர்ல மொத ஸ்டுடியோ வச்சவ நானு. வெளிய தெரிஞ்சா ஒருத்தனும் வரமாட்டான்."

இத்தனை வருடத்தில் அவள் மைக்கை அணைக்க மறந்ததே இல்லை.

வெளியே வந்தவள் என்னைப் பார்த்தாள். "ஏன்டி பேயறைஞ்ச மாதிரி இருக்க? மைக் ஆன்ல இருந்துச்சா?"

"இல்லக்கா. பசி."

"பிரியாணி ஊர்ல பொறந்துட்டு பசிங்குறா பாரு!"

பிறகு ஆத்தூர்க் கோயில் திருவிழாவுக்குப் பதிவுசெய்த பாட்டைப் போட்டு, இடது ஸ்பீக்கரில் வரும் தவிலின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். எனக்குக் காது வலித்தது. "இப்பத்தான் சரியா இருக்கு" என்றாள். தலையாட்டினேன்.

நாளை காலை பத்து மணிக்குக் கோயில்காரர்கள் பாட்டை வாங்க வருகிறார்கள். சாவி என்னிடம் இருக்கிறது. முன்னதாகப் போய்த் தவிலைக் குறைத்துவிடலாம். ஆனால் எது எந்த அளவில் இருந்தது என்று அவளுக்கு மறக்காது. போனில் பேசியதை நான் கேட்டது தெரிந்துவிடும். குறைக்காவிட்டால் திருவிழாவில் தவில்தான் கேட்கும், பாட்டு கேட்காது.

ஆறு மணிக்கு அலாரம் வைத்துவிட்டேன். போய் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.