கல்லில் கட்டிய அனுபியாஸ்

ஆரபியின் அம்மாவுக்கு,

“உது என்ன வாழைக்குட்டியே, தாட்டு வைக்க?” என்று நீர் கேட்டது நினைவிருக்கிறதா? பருத்தித்துறையில் வாங்கிய அனுபியாஸ் செடியை மீன்தொட்டி மணலில் நான் புதைத்த அன்று. “உதின்ரை தண்டு வெளியிலை இருக்கோணும், மாஸ்டர்!” என்று சிரித்தபடி தோண்டியெடுத்துக் கல்லில் கட்டினீர்.

நீர் கனடா போன பின், தொட்டி கழுவும்போது அது கழன்றது. பத்திரமாக இருக்கட்டுமென்று மறுபடியும் புதைத்துவிட்டேன். தண்டு அழுகிவிட்டது. தொலைபேசியில் நீர் கேட்கும்போதெல்லாம் “ஓம், நல்லா நிக்குது” என்றது பொய்.

ஒரு விரல் நீளம்தான் மிஞ்சியது. அதை உமது தையல் நூலால் முருகைக்கல்லில் கட்டினேன். ஐந்து மாதத்தில் இரண்டு இலை. முதலாம் வகுப்புப் பிள்ளை ‘அ’ எழுதுவதுபோல, அவ்வளவு மெதுவாக.

பேரனுக்காக விசாவை நீட்டியது சரிதான். உமது தோளில் போட்டால்தான் நித்திரை கொள்கிறானாம். உம்மை அங்கேயே இருந்துவிடச் சொல்கிறாளாம் ஆரபி. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

வேர் கல்லைப் பிடித்துவிட்டதா என்பது நூலை அறுத்தால்தான் தெரியும். எனக்குத் துணிவு வரவில்லை. நீர் வந்து அறுத்துப் பாரும்.

அன்புடன்,
உம்மவர்