கவிழ்த்த கோப்பை

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ வரைபடம் போட்ட பன்னிரண்டு வீட்டுக் கூட்டுக் குடியிருப்புக்கு நான் வந்து ஒரு மாதம் ஆகிறது. எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நின்று நாலு வார்த்தை பேசாமல் போக முடியாதபடி நடைபாதையைக் குறுக்கிவிட்டாய். எல்லா வீட்டுச் சமையலறை ஜன்னலையும் அதன் பக்கமே திருப்பிவிட்டாய். அவர் கண்ணை மூடிய பிறகு எனக்கு யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்று உனக்குத் தெரியாதா?

பொதுச் சாப்பாட்டறை வாசலில் நீ வைத்த கோப்பை அலமாரி மட்டும் பிடித்திருந்தது. ஆளுக்கொரு கோப்பை; அதைக் கவிழ்த்து வைத்தால், இன்று என்னை விட்டுவிடுங்கள் என்று அர்த்தமாம். தினமும் கழுவிக் கவிழ்க்கிறேன். திரும்பிப் பார்ப்பதற்குள் நிமிர்ந்திருக்கிறது. உடனே கதவைத் தட்டுகிறார்கள்.

உன் வாயாடி
(இப்போது ஊமை)

மார்ச் 11

அன்புத் தங்கைக்கு,

அலமாரி துடைக்கிறவர்கள் நிமிர்த்தியிருப்பார்கள். இதற்குப் போய் மூக்கால் அழாதே.

அம்மா தனி வீட்டில் இறந்து மூன்று நாள் யாருக்கும் தெரியவில்லை. பெற்ற பிள்ளைகள் நமக்கே தெரியவில்லை. அந்த வெட்கத்தில் வரைந்த நடைபாதை அது. நான் ஒண்டிக்கட்டையாகப் பழகிவிட்டேன். நீ அப்படி ஆகக் கூடாது.

அண்ணன்

மார்ச் 19

அண்ணா,

பயமாக இருக்கிறது. இந்த வாரம் அலமாரி துடைக்கும் முறை என்னுடையதுதான். நேற்று பகலில் கோப்பையைக் கவிழ்த்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தேன். தையல்காரம்மா, கணக்கு வாத்தியார், நர்ஸ் மூவரும் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு தும்மல் போட்டுக் கண்ணைத் திறந்தேன். கோப்பை நிமிர்ந்திருந்தது.

"யார் நிமிர்த்தினது?" என்றேன்.

"நீங்கதானே வெச்சீங்க" என்றார்கள் மூவரும். மூன்று முகத்திலும் ஒரே சிரிப்பு.

வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ. உன் மாடி அறை போதும்.

தங்கை

மார்ச் 24

அன்புத் தங்கைக்கு,

உன்னை நம்பாதது என் தப்பு. ஞாயிற்றுக்கிழமை காரோடு வருகிறேன். பெட்டியைக் கட்டி வை. யாரிடமும் சொல்லாதே.

அண்ணன்

மார்ச் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

பெட்டி கட்டவில்லை. நேற்று நாலாம் வீட்டுக்கு ஒரு பெண் குடிவந்தாள். புருஷனை விட்டு வந்தவள். இன்று காலை தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். அடுத்த நிமிடம் நான் அலமாரியைத் தாண்டிப் போனேன். போன பிறகு பார்த்தால் என் கட்டைவிரல் ஈரமாக இருந்தது.

யார் நிமிர்த்தினது என்று அவள் அழுதுகொண்டே வந்து கேட்டாள். "நீங்கதானே வெச்சீங்க" என்றேன். எத்தனையோ மாதம் கழித்து எனக்குச் சிரிப்பு வந்தது, அண்ணா. பக்கத்தில் எல்லாரும் சிரித்தார்கள்.

நீ தனியாகச் சாப்பிடுகிறாய் என்று இங்கே சொன்னேன். யாருக்கும் மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவசியம் வா. உனக்கும் ஒரு கோப்பை வைத்தாயிற்று.

நிமிர்த்தித்தான் வைத்திருக்கிறோம்.

உன் வாயாடி