இடது பக்க போல்ட்

ஐப்பசி, சனிக்கிழமை இரவு

அண்ணனிடம் இன்று ஒன்றைச் சொல்லவில்லை. அவனுடைய மவுண்டன் பைக்கின் குலுக்கலைத் தாங்கும் முன் ஃபோர்க்கைக் கழற்றி, தேய்ந்து எண்ணெய் கசிந்த ரப்பர் சீல்களை நேற்று நான்தான் மாற்றினேன். அது அவனுக்குத் தெரியும். ஆனால் இடது பக்க அடி போல்ட்டை இறுக்கினேனா என்பது எனக்கே நினைவில்லை. பம்ப்செட்டுக்கு வாங்கியதில் மிஞ்சிய பிவிசி குழாய்த் துண்டை வைத்து சீலைத் தட்டி இறக்கியது நினைவிருக்கிறது. எல்லாவற்றையும் மாட்டும்போது அம்மா ஜெபத்துக்குக் கூப்பிட்டார்.

காலையில் இது உறைத்தபோது அவன் வாசலில் சைக்கிள் மேல் இருந்தான். சொன்னால் இனி ஸ்பேனரைத் தொட விடமாட்டான். வழிவிட்டு நின்றேன். அவன் ஓட்டப் போன வெண்ணாற்றங்கரை முழுக்கப் பள்ளம்; போல்ட் இறுகாமல் இருந்தால் ஃபோர்க் பிரிந்து அவனைத் தள்ளிவிடும். அவன் வரும்வரை புத்தகத்தில் ஒரே பக்கத்தில் இருந்தேன்.

சேறும் சிரிப்புமாக வந்தான்.

“என்னடி மெக்கானிக், பள்ளத்துல எறக்குனா கையில அடியே தெரியல. ஆமா, ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?”

“ஒண்ணுமில்லண்ணே. நாறுது, போய்க் குளி.”

அவன் உள்ளே போனதும் ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன். போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன்.