நடுவில் இருந்த சுவிட்ச்

என் அன்புக்குரியவருக்கு,

நான் நலம். நீங்களும் குட்டியும் நலம்தானே? போனில் சொன்னால் நம் மகள் பாதியில் பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் எழுதுகிறேன். முதலில் நல்ல செய்தி. கோப்புகளையெல்லாம் சேர்த்து வைக்கும் எங்கள் ஆபீஸ் ஸ்டோரேஜ் இப்போது பறக்கிறது! நாற்பது பேரும் ஒரே நேரத்தில் கட்டட வரைபடங்களைத் திறந்தாலும் உடனே வந்து நிற்கிறது.

போன வாரம் வரை மானம் போய்க்கொண்டிருந்தது. வரைபடங்களின் பட்டியல் தெரியும், ஒன்றைத் திறந்தால் அப்படியே உறைந்துவிடும். ஆபீஸுக்கு நெட்வொர்க் கேபிள் போட்டுத்தந்த கேபிள்காரரை மேனேஜர் பிடித்துக்கொண்டார். கேபிள் சரியில்லை, இனிமேல் உனக்கு இங்கே வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார். நான் போட்ட கேபிளைக் கட்டி லாரியையே இழுக்கலாம் சார் என்று அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டார்.

தப்பு கேபிளில் இல்லை, என்னிடம். வேகம் கூடட்டும் என்று ஸ்டோரேஜிலும் சர்வர்களிலும் தகவல் பொட்டலத்தின் அளவை நான்தான் ஒன்பதாயிரம் பைட்டாக்கினேன். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நெட்வொர்க் சுவிட்சை மறந்தே போனேன். அது ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் உள்ளே விடாது; பட்டியல் சின்னது, போய்விடும், வரைபடம் பெரியது, மாட்டிக்கொள்ளும். சின்னப் பொட்டலம் ஒன்றை அனுப்பிப் பார்த்தேன், போய் வந்தது, வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டேன். என் அவசரப் புத்தி உங்களுக்குத் தெரியாததா!

செவ்வாய்க்கிழமை கண்டுபிடித்து, சுவிட்சிலும் அளவை இரண்டே நிமிடத்தில் மாற்றினேன். பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வெள்ளிக்கிழமை உங்கள் ஊருக்கு என் மாற்றல் உத்தரவு கையெழுத்தாவதாக இருந்தது. சீக்கிரம் வந்துவிடுவேன் என்று குட்டிக்கு வேறு வாக்குக் கொடுத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். பிறகு கேபிள்காரர் மிச்ச சாமான்களை எடுத்துப்போக வந்தார். யாரும் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஒரு வாரமா என்னைத் தூங்க விடலையேம்மா என்று திட்டிவிட்டு, அவரே டீயும் வாங்கிக் கொடுத்தார். எனக்கு நிம்மதியாக இருக்கிறது. மேனேஜர்தான், கட்டடத்தில் இருக்கிற எல்லா சுவிட்சையும் சரிபார்த்துவிட்டு அப்புறம் போம்மா என்று சொல்லிவிட்டார். மாற்றல் இரண்டு மாதம் தள்ளிப்போய்விட்டது.

கோபம் வந்தால் திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் குட்டியிடம், அம்மாவுக்கு வேலை அதிகம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அம்மா தப்புச் செய்தாள், ஒத்துக்கொண்டாள், அதனால்தான் வர நாளாகிறது என்றே சொல்லுங்கள்.

உங்கள்
அவசரக்காரி