கையெழுத்து வெக்க இடமில்ல

என்ட செல்ல ராத்தா, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உங்கட கபுறை வெளிச்சமாக்கி வெக்கட்டும்.

நீங்க அடங்கியிருக்கிற மையவாடிக்குள்ள பொம்புளைகள விடமாட்டாங்க எண்டு உங்களுக்குத் தெரியும். அதுதான் எழுதுறன். ஊருக்கும் கேக்கட்டும்.

என்ட மகள் சிப்னாவுக்குக் கலியாணம் முடிஞ்சிட்டு, ராத்தா. நீங்க பெரியம்மாவாத் தூக்கி வளத்த புள்ள. "இவள்ட நிக்காஹ் புத்தகத்துல இவளே கையெழுத்து வெப்பாள், பாரு" எண்டு சொல்லிச் சொல்லி, பொண்ணுக்குப் பதிலா வாப்பா கையெழுத்து வெக்கிற எங்கட கலியாணச் சட்டத்தை மாத்தக் கேட்டு, கல்முனைக்குடியில வீடு வீடா ஏறி இறங்கினீங்களே. வெயில்ல கறுத்ததுதான் மிச்சம்.

கலியாணத்துக்கு முந்தின மாசம் குடும்பமா வேன் புடிச்சுப் போனோம். நீர்கொழும்புல ஒல்லாந்தர் வெட்டின கால்வாயைப் பாத்தோம். எங்கட கலியாணச் சட்டத்துக்கும் அவங்கட காலத்திலதான் அத்திவாரம் எண்டு நீங்க சொன்னது ஞாபகம் வந்திச்சு. வெட்டினவன் செத்து எவ்வளவு காலம்! தண்ணி இன்னும் அவன் காட்டின வழியாலதான் போகுது.

மறுகா கொழும்புல, பொம்புளைகள் வோட்டுரிமை கேட்டுக் கூட்டம் வெச்ச பழைய மண்டபத்துக்குப் போனோம். சிப்னாதான் அடம்புடிச்சவள். வாசல்ல காவல்காரர் வாறவங்க பேரெழுதுற புத்தகத்தை நீட்டினார். சிப்னாட வாப்பா "குடும்பத்துடன்" எண்டு எழுதி, எல்லாருக்குமாச் சேத்துக் கையெழுத்து வெச்சார். அவர் கேட்ட உடனே பேனையைக் கைப்பையில இருந்து எடுத்துக் குடுத்தது ஆரு? நான்தான். அதுவும் நீங்க விட்டுட்டுப் போன உங்கட பேனை.

வேன்ல ஏறினாப் பிறகுதான் புள்ள கேட்டாள், "இங்கயும் வாப்பாதானா?"

"அட அல்லாஹ்! நினைவே வரல்ல மகள்" எண்டு சிரிச்சார். நல்ல மனுசன்தான், நீங்க அறிவீங்க. எனக்குத்தான் சிரிப்பு வரல்ல.

நிக்காஹ் அண்டைக்குக் கதவடியில நிண்டு பதிவுகாரர்ட்டக் கேட்டன், "இவளும் ஒரு கையெழுத்து வெக்கட்டுமே?"

"புத்தகத்துல அதுக்கு இடமில்லையே தங்கச்சி. பொண்ணுட வாப்பா வெச்சாப் போதும்." கோபமாக் கூடச் சொல்லல்ல, ராத்தா. கோபப்பட்டிருந்தா நானும் ரெண்டு வார்த்தை கதைச்சிருப்பன்.

சிப்னா மருதோண்டிக் கையை மடியில வெச்சுக்கொண்டு உள்ளறையில இருந்தாள். "விடுங்க உம்மா" எண்டாள். அவள் அழுதிருந்தாலும் தாங்கியிருப்பன். இருபத்தி மூணு வயசுல விடுங்க எண்டு சொல்லப் பழகிட்டாளே!

அந்த நேரம் பாத்து சிப்னாட வாப்பா என்ட பக்கம் கை நீட்டினார், "பேனை இருக்கா?" சபைக்கு முன்னால என்ன செய்ய? குடுத்தன்.

சட்டம் மாறும் எண்டு உங்களுக்கு வாக்குத் தரமாட்டன். அந்த நம்பிக்கை எனக்குப் போயிட்டு. ஒண்டு மட்டும் சத்தியம். உங்கட பேனையை இனி ஆருக்கும் எடுத்து நீட்டமாட்டன்.

இப்படிக்கு,
ரெண்டு தரமும் கேட்ட உடனே எடுத்து நீட்டின
உங்கட தங்கச்சி