டிரைவர் விரலும் என் பச்சை இலைகளும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் முன்பல் ஒன்றைத் தவிர. அங்கே நீ முழுசாகச் சுகம் என்று நம்புகிறேன். வாய் வீங்கிக் கிடப்பதால் போனில் பேச முடியவில்லை, அதுதான் கடிதம்.

உன் ஆபீசில் நீ செய்த ஆப்பை இந்தக் கட்டடத்தில் எல்லார் போனிலும் ஏற்றிவிட்டவன் நான்தானே, குப்பையைப் பிரித்துப் போட்டால் ஒரு பச்சை இலை, பிரிக்காதவன் பையைப் படமெடுத்து அனுப்பினால் இரண்டு இலை, எட்டாவதில் கோட்டை விட்ட எனக்கு முதலிடம் என்றால் விட மனசு வருமா? விடிகாலை டூட்டிக்கு ஓடும் கீழ்வீட்டு பஸ் டிரைவர் பையை மட்டும் பதினோரு தடவை அனுப்பினேன். கட்டட வாசலில் இலைக் கணக்கைக் காட்டும் திரையில் அவர் முகம் கடைசி இடத்தில் வந்தது, அதைப் பார்த்து அவர் மகளைப் பள்ளியில் குப்பைப் பொண்ணு என்று கூப்பிட்டிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை பன்னிரண்டாவது படத்துக்குக் குனிந்த என்னைச் சட்டையைப் பிடித்துத் தூக்கினார், "யோவ் பெரிசு, இப்ப என் மூஞ்சிய எடுய்யா" என்று கத்தி, என் முகத்தைக் குப்பைத் தொட்டியின் இரும்பு விளிம்பில் மோதினார். பல் அங்கேயே போயிற்று. நானும் சும்மா இருந்தேனா, கையில் அகப்பட்ட பாட்டிலால் அவர் காதோரம் ஓங்கிப் போட்டேன், கழுத்தெல்லாம் ரத்தம். அவர் என்னைக் கீழே தள்ளி நெஞ்சில் ஏறி உட்கார்ந்து குத்தினார். என் வாயைப் பொத்திய அவர் கட்டைவிரலை எலும்பு தட்டும்வரை கடித்தேன், விடவில்லை. அம்மா வாளித் தண்ணீரை ஊற்றித்தான் பிரித்தாள், "ஆடாய்யா நீ, இலைக்கு இப்படி அலையிற?" என்று.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று அவர் ஆஸ்பத்திரியில் நாய் கடித்தது என்று சொல்லிவிட்டார். நாய்க்கடி ஊசியும் போட்டாயிற்று, விரல் கறுத்து வீங்கிக்கொண்டே போகிறது. மருந்துக்கடைக்காரரிடம் யாருக்கோ நடந்ததுபோல் கேட்டேன், மனுஷக் கடிக்கு மருந்தே வேறு, டாக்டருக்கு உண்மை தெரிய வேண்டும் என்றார். விரலை எடுத்துவிட்டால் அவர் ஸ்டியரிங் பிடிப்பது எப்படி? அவர் மனைவியோ அம்மாவிடம், "சொன்னா ரெண்டு பேரும் உள்ள போயிடுவாங்கக்கா" என்று அழுகிறாள். உள்ளே போனாலும் சரி என்று இதைத் தபாலில் போட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், கடித்த நாய் நான்தான் என்று டாக்டரிடம் சொல்லப் போகிறேன். நீ நல்ல மனசோடு செய்ததுதான் மகளே, ஆனால் அடுத்தவன் பையைப் படமெடுக்கிற அந்தப் பொத்தானை மட்டும் எடுத்துவிடு, என்னைப் போல ஊருக்கு ஒருவன் இருப்பான்.

வேளைக்குச் சாப்பிடு, நன்றாக இரு. ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் பதறாமல் எடு.

இப்படிக்கு,
உன் பொக்கைவாய் அப்பா