எச்சில் பட்ட பக்கங்கள்

என் வீட்டுக்காரருக்கு வணக்கம்.

கடவுள் புண்ணியத்தில் நானும் தங்கை குடும்பமும் நலம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா?

சனிக்கிழமை மாடி வீட்டில் புத்தகம் படிக்கக் கூடினோம். இருந்தது ஐந்து பேர்: மாடி வீட்டுக்கார அம்மா, ஓய்வுபெற்ற நர்ஸம்மா, டீச்சர், தையல்காரம்மா, நான். இருப்பது ஒரே பிரதி. அதனால் ஆளுக்குக் கொஞ்சம் வாய்விட்டுப் படித்துவிட்டுப் பேசுவோம். இந்த முறை வாய்க்குள் வாழும் கிருமிகளைப் பற்றிய புத்தகம்.

நர்ஸம்மா விரலை நாக்கில் தொட்டுத்தான் பக்கம் புரட்டுகிறார்! "ஒரு சொட்டு எச்சிலில் கோடிக் கிருமிகள்" என்று படித்துக்கொண்டே மறுபடி நாக்கு, மறுபடி பக்கம். என் கைக்கு வந்தபோது முனையெல்லாம் ஈரம். முந்தானையால்தான் பிடித்தேன்.

"என்னக்கா, சரஸ்வதி மேல எச்சில் படலாமா?" என்றேன்.

"அறிவுக்கு ஏதும்மா எச்சில்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"அறிவுக்கு இல்லக்கா, காகிதத்துக்கு இருக்கே!"

டீச்சர் மட்டும் தன் விரலை மெல்லச் சேலையில் துடைத்துக்கொண்டார். அடக் கடவுளே, அவருமா!

எத்தனை முறை கழுவியும் கையில் அருவருப்பு போகவில்லை. இனி அந்தப் பக்கமே தலைவைக்கக் கூடாது என்றுதான் வந்தேன். ஆனால் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் வேலைக்குப் போய்விட்டால் எனக்குப் பேச்சுத்துணை, நான் பார்த்துக்கொள்ள வந்த அவர்கள் குழந்தைதான். அவளுக்கோ இன்னும் பேச்சு வரவில்லை.

புத்தகத்தின் பெயரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கிடைத்தால் எனக்கென்று ஒன்று வாங்கி அனுப்புங்கள். செலவை மருந்துக் கணக்கில் எழுதிவிடுங்கள்.

குழந்தை எழுந்துவிட்டாள். நான் இனியும் மாடி வீட்டுக்குப் படிக்கப் போகட்டுமா, நின்றுவிடட்டுமா? சீக்கிரம் பதில் போடுங்கள்.